தலைமயிரும் சில வினாக்களும்

கூந்தலைப் பற்றித் தன் மனத்தில் எழுந்த ஐயம் ஒன்றினைத் தீர்த்துவைப்போருக்குப் பொற்கிழி வழங்குவதாகப் பாண்டிய மன்னன் ஒருவன் அறிவித்த கதையைத் திருவிளையாடற் புராணத்தின் வாயிலாக நாம் அனைவரும் அறிவோம். மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அன்றேல் அது பூவினாலும் பூச்சினாலும் வருவதுதானா என்பதே அவ்வையம். இறைவனும் நக்கீரரும் கலந்துகொண்ட அந்த வாதம் முடிந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழிந்தும், தலைமயிரைப் பற்றிய ஐயங்கள் மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. ஒரேயொரு வேறுபாடு உண்டு. இன்று ஐயம் தீர்ப்பவருக்கு எவரும் பொற்கிழி கொடுப்பதில்லை. ஐயமுடையவரே தம் கைப்பணத்தைக் கொடுத்து விடையைப் போத்தலிலும் குளிசையிலும் வாங்கிச் செல்கின்றனர். வாங்கிய விடை சரியானதுதானா என்பதை அறிய மாதக்கணக்கிற் கண்ணாடி முன் காத்து நிற்கின்றனர்.

நிலாவெளியில் வாழும் நான் வைத்தியன் அல்லன். கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். எனினும் ஊரிலே ஆசிரியன் ஒருவன் இருந்தால், அவன் பாடத்தை மட்டும் படிப்பித்துவிட்டு இருந்துவிட முடியாது. காணி உறுதியை வாசிப்பதற்கும், விண்ணப்பம் எழுதுவதற்கும், மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் ஆங்கிலத் தாளை விளக்குவதற்கும் அவனையே தேடி வருவர். எறும்பு ஊர்ந்தாற் போன்ற எழுத்தில் அச்சிட்ட அத்தகைய தாள்கள் அண்மைக் காலத்தில் என் மேசைக்கு அடிக்கடி வருகின்றன. அவற்றுட் பல, தலைமயிர் உதிர்வதைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றியவை. கொண்டு வருவோர் பழைய மாணவர், அவர்தம் தாய்மார், பிள்ளைப்பேற்றின் பின் சீப்பைக் கண்டு கலங்கும் இளம் பெண்கள். அவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகளாக இருப்பதனால், அவற்றையும் வைத்திய நூல்கள் தரும் விடைகளையும் இங்கே தொகுத்துக் கூற விழைகின்றேன்.

அவர்கள் முதலிற் கேட்பது, "இதற்கு எந்த மருந்து நல்லது?" என்பதே. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி அன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் காட்டும் ஒழுங்கினை நம் மாணவர் மனனம் செய்து ஒப்புவிப்பர். நோய் இன்னதென அறிதல் முன்னே. அதன் காரணத்தை அறிதல் அதன் பின்னே. தீர்க்கும் வழியை நாடுதல் அதற்கும் பின்னே. தலைமயிர் விடயத்தில் நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி, மருந்திலே தொடங்கி ஏமாற்றத்திலே முடிக்கின்றோம். மயிர் உதிர்தல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. காய்ச்சல் என்பது போல, பல காரணங்களால் நேரும் ஓர் அறிகுறியின் பெயரே அது.

உதிர்வதெல்லாம் நோயுமன்று. மனிதனின் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை, மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வீதம் வளர்கிறது. பின்னர் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருக்கிறது. அதன்பின் உதிர்ந்து, அதே வேர்ப்பையிலிருந்து எழும் புதிய மயிருக்கு இடங்கொடுக்கிறது. இவ்வாறு நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர்கள் உதிர்வது இயல்பு. தலையணையிற் கிடக்கும் சில மயிர்களை எண்ணி நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு திடீரெனக் குழம்புவதும் உண்டு. கடுங்காய்ச்சல், பெரிய சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு, தாங்கொணா மனத்துயர் ஆகியவற்றால் உடல் அதிர்ச்சியுறும்போது, வளர்ந்துகொண்டிருந்த மயிர்களிற் பல ஒரே வேளையில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. அவை கையோடு வருவது இரண்டு மூன்று மாதம் கழித்தே. டெங்குக் காய்ச்சலில் இருந்து எழுந்து, அதை மறந்தும் விட்ட ஒருவர், தலை வாரும்போது கற்றை கற்றையாக மயிர் வருவதைக் கண்டு, அந்த வாரம் மாற்றிய சவர்க்காரத்தைக் குற்றஞ்சாட்டுவார். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று வந்த பின்னரும் உலகெங்கும் இதுவே நிகழ்ந்தது. இத்தகைய உதிர்வு பெரும்பாலும் ஆறு மாத அளவில் தானாகவே நின்று, மயிர் மீண்டும் முளைத்துவிடும். இதற்கு வேண்டியது நல்ல உணவும் பொறுமையுமே. நெடுநாள் நிற்காது உதிர்ந்தால், இரும்புச்சத்துக் குறைவோ தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறோ உண்டா என்று குருதிப் பரிசோதனை செய்வது தகும். அக்குறை இருப்பின், அதைத் தீர்ப்பதே தலைக்கும் மருந்தாகும்.

ஆண்களின் நெற்றி ஓரமும் உச்சியும் மெல்ல மெல்ல வெளிப்பது வேறொரு வகை. இது பரம்பரையால் வருவது. தாய்மாமன் தலையைப் பார்த்தே மருமகன் தலையைக் கூறிவிடலாம் என்பார்கள். அதிலே ஓரளவு உண்மை உண்டெனினும் முழு உண்மை இல்லை. தந்தை வழியாலும் இக்குணம் வரும். பெண்களுக்கு இதே குணம் வகிடு அகல்வதாகத் தோன்றும். மோட்டார்ச் சைக்கிள் ஓட்டும்போது அணியும் தலைக்கவசத்தால் இது வருவதில்லை. நமது கரையோரக் கிணறுகளின் சவர்த் தண்ணீராலும் வருவதில்லை. அந்நீர் மயிரைச் சொரசொரப்பாக்கி இடையில் முறியச் செய்யலாம். வேர்ப்பையை அது அழிப்பதில்லை.

மூன்றாவது வகை, வட்டமாகச் சொட்டை விழுதல். இதனை நன்கு அறிந்துகொள்ளாமையால் ஒரு சிறுவன் பட்ட துன்பத்தை நான் கண்டிருக்கின்றேன். எட்டாந் தரத்தில் படித்த அவனது தலையின் பின்புறத்தில் ஒரு நாணய அளவில் மயிர் கொட்டியிருந்தது. தொற்றுநோய் என்ற பேச்சு வகுப்பிலே பரவி, அவனுக்கென ஒரு வாங்கு தனியே ஒதுக்கப்பட்டது. வீட்டிலோ, மயிரைத் தின்னும் புழுவைக் கொல்வதற்கென்று மிளகும் வெங்காயமும் அரைத்துத் தேய்த்ததில் தோல் புண்ணாயிற்று. தோல் நோய் வைத்தியர் பார்த்தபின்னரே அது புழுவெட்டு என்பதும், அந்தப் பெயரில் உள்ள புழு அத்தலையில் இல்லை என்பதும் தெளிவாயின. உடலைக் காக்க வேண்டிய நிர்ப்பீடன ஆற்றலே தவறுதலாக மயிரின் வேரைத் தாக்குவதால் வருவது புழுவெட்டு. அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றாது. சிறிய சொட்டைகள் பல, ஓராண்டுக்குள் மருந்தின்றியே மூடிக்கொள்வதும் உண்டு. அச்சிறுவன் தலையிலும் சில மாதங்களில் மயிர் வந்தது. ஆனால் தனி வாங்கிலிருந்து அவன் மனம் எழுந்து வர அதைவிட நெடுங்காலம் சென்றது.

அதேவேளை, சிறுவர் தலையில் விழும் சொட்டை எல்லாம் புழுவெட்டும் அன்று. பங்கசு தொற்றுவதால் வரும் படர்தாமரையும் தலையிலே சொட்டையை உண்டாக்கும். அது தொற்றக்கூடியது, வைத்தியர் தரும் பங்கசுக் கொல்லி மருந்தைப் பல வாரம் உள்ளே அருந்தினாலன்றித் தீராது. புழுவெட்டுக்குப் பூசும் ஸ்டீரொயிட் களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால் அது மேலும் பரவும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சொட்டைகளுள், ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகிறது. "எந்த மருந்து?" என்பதற்கு முன் "எந்த நோய்?" என்று கேட்க வேண்டும் என நான் வற்புறுத்துவது இதனாலேயே. தலை முழுவதும் கொட்டிவிடும் கடுமையான புழுவெட்டுக்கு பாரிசிட்டினிப் என்னும் மருந்தை அமெரிக்கா 2022இல் அங்கீகரித்தது. நோய்த்தொற்றை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடிய மருந்தாதலின், அது நிபுணரின் கண்காணிப்பிலேயே வழங்கப்பட வேண்டியது.

இனி, பரம்பரை வழுக்கைக்கெனக் கடைகளில் அதிகம் கேட்கப்படும் இரு மருந்துகளைப் பார்ப்போம். இரண்டுமே வேறு நோய்க்கென முதலில் வழங்கப்பட்டவை என்பது விந்தை.

மினொக்சிடில் உயர் குருதியமுக்கத்துக்கான குளிசையாக 1979இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை உண்டவர்களின் முகத்திலும் கைகளிலும் மயிர் அடர்ந்து வளர்வதை வைத்தியர்கள் கண்டனர். அந்தப் பக்க விளைவையே பயனாக்கித் தலையிற் பூசும் திரவமாகச் செய்து, 1988இல் வழுக்கைக்கு அனுமதி பெற்றனர்.

பினாஸ்டரைட்டின் வரலாறு இன்னும் சுவையானது. விதையகற்றப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு ஆண் ஓமோனைக் கொடுத்தால் பரம்பரைக் குணம் உள்ளவர்களின் தலை வெளிக்கத் தொடங்குகிறது என்பதையும் ஜேம்ஸ் ஹமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1942இல் எடுத்துக் காட்டினார். 1974இல் ஜூலியன் இம்பெராட்டோ மக்கின்லி என்னும் பெண் வைத்தியரும் அவர்தம் குழுவினரும், டொமினிக்கன் குடியரசிலே சில குடும்பங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஓமோனை அதனினும் வலிய டி.எச்.டி. ஆக மாற்றும் நொதியம் அக்குடும்பத்து ஆண்கள் சிலரிடம் பிறப்பிலேயே குறைவு. அவர்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி சிறிதாகவே இருந்தது. தலையும் வழுக்கை ஆகவில்லை. அந்நொதியத்தைத் தடுக்கும் பினாஸ்டரைட், 5 மில்லிகிராம் அளவில் 1992இல் புரொஸ்டேட் வீக்கத்துக்கும், 1 மில்லிகிராம் அளவில் 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

"எத்தனை நாளிற் பலன் தெரியும்?" என்பது அடுத்த கேள்வி. நாட்களில் அன்று, மாதங்களில் என்பதே விடை. மயிர் வளரும் வேகத்தை எந்த மருந்தாலும் ஓட்டப் பந்தயம் ஆக்க முடியாது. நான்கு முதல் ஆறு மாதமாவது ஒழுங்காகப் பாவித்தபின்னரே பலன் உண்டா இல்லையா எனக் கூறலாம். மினொக்சிடில் பூசத் தொடங்கிய முதற் சில வாரங்களில் உதிர்வு கூடுவதைக் கண்டு பலர் போத்தலை எறிந்துவிடுகின்றனர். ஓய்ந்திருந்த பழைய மயிரைப் புதிய மயிர் தள்ளி வெளியேற்றுவதே அதற்குக் காரணம். அது தோல்வியின் அடையாளம் அன்று.

"நிறுத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்பவர் சிலரே, அனைவரும் கேட்க வேண்டிய கேள்வி அது. மருந்து நிற்கும் வரையே பலனும் நிற்கும். நிறுத்திய சில மாதங்களில், காப்பாற்றிய மயிரும் உதிரத் தொடங்கி, மருந்தே பாவியாதிருந்தால் தலை எந்நிலையில் இருந்திருக்குமோ அந்நிலையை அடையும். ஆகவே இம்மருந்து ஒரு முறை கொடுத்துத் தீர்க்கும் கடன் அன்று. மாதந்தோறும் கொடுக்கும் வீட்டு வாடகை. பலனும் எல்லோருக்கும் ஒன்றாக இராது. பினாஸ்டரைட்டைச் சோதித்தபோது, இரண்டாண்டு முடிவில் மருந்து உண்ட ஆண்களில் 83 வீதத்தினர் இருந்த மயிரைக் காத்துக்கொண்டனர். மருந்தில்லாக் குளிசை உண்டோரில் 28 வீதத்தினரே அவ்வாறு காத்துக்கொண்டனர். இது நல்ல பலனே. ஆயினும் இதன் பொருள் பெரும்பாலும் "இருப்பது காக்கப்படும்" என்பதேயன்றி, "இழந்தது எல்லாம் திரும்பும்" என்பதன்று. வழவழத்த வழுக்கையிற் காடு வளர்க்கும் திரவம் எதுவும் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"பக்க விளைவு உண்டா?" உண்டு. பூசும் மினொக்சிடில் சிலருக்குத் தலையில் அரிப்பும் பொருக்கும், பெண்களுக்கு முகத்தில் மயிரும் தரலாம். பூசிய தலையோடு கைக்குழந்தையை அணைத்து வைத்திருந்தமையால் குழந்தையின் உடலில் மயிர் வளர்ந்த சம்பவங்கள் ஐரோப்பாவிற் பதிவாகியுள்ளன. பூனைகளுக்கு அம்மருந்து கொடிய நஞ்சு. வழிந்த துளியை நக்கினாலே உயிருக்கு ஆபத்து. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்க்க வேண்டும். குறைந்த அளவில் மினொக்சிடிலைக் குளிசையாகவும் இப்போது வைத்தியர் சிலர் வழங்குகின்றனர். அது இருதயத்தையும் குருதியமுக்கத்தையும் தொடக்கூடியதாதலின், நண்பனிடம் இரவல் வாங்கி உண்ணத் தக்கதன்று.

பினாஸ்டரைட் பற்றிப் பேசும்போது ஒரு தாய் என் நினைவுக்கு வருகின்றார். அவருடைய மகன் என் பழைய மாணவன். கலியாணப் பேச்சு ஒன்று, "மாப்பிள்ளைக்கு முன் தலை வெளிச்சுப் போச்சு" என்ற சொல்லோடு முறிந்ததன் பின், அவன் கைத்தொலைபேசியில் விளம்பரம் பார்த்து, வைத்தியர் எவரையும் காணாமலே குளிசை வருவித்து உண்டு வந்தான். "மாஸ்டர், பெடியன் முந்தி மாதிரிக் கதைக்கிறானில்லை, இரவிலை நித்திரையும் இல்லை. இந்தக் குளிசைத் தாளிலை என்ன எழுதியிருக்குது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று அத்தாய் அந்தத் தாளை நீட்டினார். மனச்சோர்வு வரலாம் என்பது அதிலே அச்சாகியிருந்தது. தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்க விளைவுகளுள் ஒன்று என ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2025இல் உறுதிப்படுத்தியது. அது எல்லோருக்கும் வருவதன்று. எத்தனை பேருக்கு ஒருவருக்கு வரும் என்பதும் தெளிவாகவில்லை. அவ்விளைஞனின் சோர்வுக்குக் குளிசைதான் காரணமா, முறிந்த சம்பந்தம்தான் காரணமா என்று தீர்ப்பளிப்பதும் என் வேலையன்று. ஆனால் அது அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லப்பட வேண்டிய செய்தி. சொன்னார்கள், வைத்தியர் குளிசையை நிறுத்தினார், அவனோடு இருந்து பேசினார். இன்று அவன் தலை மயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வேலைக்குப் போய் வருகின்றான், சிரிக்கவும் செய்கின்றான்.

இம்மருந்தால் தாம்பத்திய வாழ்வு தொடர்பான குறைபாடுகளும் சிலருக்கு ஏற்படுவதுண்டு. சோதனையின்போது மருந்து உண்டோரில் 3.8 வீதத்தினரும், மருந்தில்லாக் குளிசை உண்டோரில் 2.1 வீதத்தினரும் அவ்வாறு கூறினர். நிறுத்தினாற் பெரும்பாலும் அவை நீங்கும். நிறுத்திய பின்னும் நீடித்ததாகச் சிலர் முறையிட்டுள்ளனர். கர்ப்பிணிப் பெண்கள் உடைந்த அல்லது பொடியான பினாஸ்டரைட் குளிசையைக் கையாலும் தொடலாகாது. வயிற்றிலுள்ள ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். இக்காரணம் பற்றியே, இதை உண்பவர் கடைசிக் குளிசைக்குப் பின் ஒரு மாதமாவது செல்லும் வரை இரத்ததானம் செய்யக் கூடாது. கோயில் மண்டபங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் இரத்ததான முகாம்களுக்கு ஆர்வத்தோடு செல்லும் இளைஞர் இதை நினைவில் வைத்தல் வேண்டும். வயது முதிர்ந்தோர் புரொஸ்டேட் சுரப்பிக்கான குருதிப் பரிசோதனை செய்யும்போது, இம்மருந்து உண்பதைக் கட்டாயம் கூறவேண்டும். அது அப்பரிசோதனையின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டி, புற்றுநோயை மறைத்துவிடக் கூடும்.

"எண்ணெய் வைத்தாற் போதாதா, மாஸ்டர்?" என்று முதியோர் கேட்பர். தேங்காய் எண்ணெய் மயிர்த்தண்டின் புரதம் கழுவுண்டு போவதைக் குறைக்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. கையாந்தகரையும் நெல்லியும் செவ்வரத்தையும் சேர்த்துக் காய்ச்சிய எண்ணெய் தலைக்குக் குளிர்ச்சியும் மனத்துக்கு இதமும் தரும். எண்ணெய் இருக்கும் மயிரைப் பேணும். பரம்பரையால் சுருங்கும் வேரை அது விரிப்பதாக உறுதியான சான்று இல்லை. சித்த வைத்தியத்தை நாட விரும்புவோர், தெருவிலே போத்தலை உயர்த்திக் கூவுவோரிடம் போகாது, முறையாகக் கற்றவரிடம் போகலாம். நிலாவெளி கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது.

மயிருக்கென விற்கப்படும் பயோட்டின் என்னும் விற்றமினைப் பற்றியும் ஒரு சொல். உணவிற் குறைவில்லாதவருக்கு அதனாற் பெரிய பயன் இல்லை. மாறாக, அதிக அளவில் உண்டால் தைரொயிட்டுப் பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் குருதிப் பரிசோதனையையும் பிழையாகக் காட்டவைக்கும் என்று அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

"ஏன் இவ்வளவு விலை?" என்போருக்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. விளம்பரப் பெயரால் அன்றி மருந்தின் உண்மைப் பெயரால் மருந்துகள் வாங்கப்படவும் எழுதப்படவும் வேண்டும் எனப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவரே. மினொக்சிடில் எப்பெட்டியில் வந்தாலும் மினொக்சிடிலே. "இதே மருந்து குறைந்த விலையில் உண்டா?" என்று கடையிற் கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் பெயரும் செறிவும் எழுதப்படாத போத்தலையும், கைத்தொலைபேசி வழியாக முகமறியாதவர் அனுப்பும் குளிசையையும் மலிவு கருதி வாங்குவது சிக்கனம் ஆகாது.

மருந்தை நாடுவோரைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு நோயா?" என்று நகைப்பதும் தவறு. தலைமயிரைக் கொண்டே வரன் தீர்மானிக்கும் சமூகம், அதைக் காக்க முயல்பவனை நகைக்க உரிமையற்றது. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பது அவரவர் தம் தலையையும் பையையும் மனத்தையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. நன்மையும் தீமையும் அறிந்தபின் தீர்மானிக்க வேண்டியது.

ஆகவே, வைத்தியரைக் காணச் செல்வோர் ஒரு சிறு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு செல்க: உதிர்வு எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்னர் காய்ச்சலோ பிள்ளைப்பேறோ சத்திரசிகிச்சையோ நேர்ந்ததா, தலை முழுவதும் உதிர்கிறதா, ஓரிடத்திலா, தாய் தந்தை வழியில் எவருக்கு வழுக்கை, இப்போது உண்ணும் மருந்துகள் எவை, மனநிலை எப்படி. பிள்ளையின் தலையில் சொட்டை கண்டாலோ, தோல் சிவந்து புண்ணானாலோ, சில நாட்களில் மிகுதியாக உதிர்ந்தாலோ தாமதிக்கலாகாது. அந்தத் தாளைப் படித்தபின் வைத்தியர் உங்களிடம் திருப்பிக் கேட்கும் கேள்விகளே, போத்தலைத் திறப்பதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் முதல் மருந்து.